மெடல் விளிம்பில் வெட்டிய பெயர் குறித்து முருகையன் கூறியது

பெரம்பலூர், 18.08.2003, காலை 10.30 மணி.

என் பெயர் முருகையன், வயது 45, தகப்பனார் பெயர் அய்யாக்கண்ணு, அவர் காலமாகிவிட்டார். பெரம்பலூர் எளம்பலூர் சாலையில் ரைஸ்மில்லுக்குப் பின்புறம் ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பழைய பஸ் ஸ்டாண்டு அருகில் அப்துல் சலாம் என்பவருடைய பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, சாமான் வாங்குகிறவர்களுக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் தொழிலை இருபத்தாறு வருடமாகச் செய்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் வெட்டுவேன். நான் சொல்லச் சொல்ல ஏட்டு ஐயா எழுதுகிறார். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

என் உடன்பிறந்த அண்ணன் அரியமுத்து மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்து, 1971 டிசம்பரில் கிழக்கு எல்லைச் சண்டையில் இறந்துபோனார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. உடல் வரவில்லை. முதலில் தந்தி வந்தது, அதன் பிறகு ஒரு தகரப் பெட்டி வந்தது. பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்த ஏழு இலக்க எண்ணை நான் வாய்ப்பாட்டைப் போல மனப்பாடம் செய்துகொண்டேன். இப்போதும் சொல்வேன். அண்ணி ராசாத்திக்கு அப்போது பத்தொன்பது வயது, குழந்தை இல்லை. அவர் செட்டிகுளத்தில் தன் தகப்பனார் வீட்டுக்குப் போய், மறுமணம் செய்துகொள்ளாமல், அங்கேயே வெங்காயம் போட்டுப் பிழைத்து வந்தார். 1974இல் அண்ணனுடைய போர் மெடல் பதிவுத் தபாலில் அண்ணிக்கு வந்தது. வட்டமாக, வெள்ளி நிறத்தில், முகப்பில் சிங்க முத்திரையோடு இருக்கும். சுற்று விளிம்பில் அண்ணனுடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கில எழுத்தில் அச்சு அடித்திருந்தது. ஈரம் படக் கூடாது என்று அண்ணி அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் அரிசி கொட்டி, அதற்குள் வைத்திருந்தார். தந்தியும் ராணுவத்திலிருந்து வந்த கடிதமும் அதே பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும் அமிர்தலிங்கம் என்பவர் அரியலூரைச் சேர்ந்தவர். 1974இல் ராணுவத்தில் சேர்ந்து, ஸ்டோர் கணக்கில் வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஏட்டு ஐயா ‘அவர்’ என்று எழுதுகிறார், நான் ‘அவன்’ என்றுதான் சொன்னேன். அவர் தன் வீட்டு முன்னறையில் பழைய போர்ச் சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தார். இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குப்பி, பட்டாளத்துப் பொத்தான், தோள் வில்லை, துப்பாக்கி முனைக் கத்தி, லெப்பைக்குடிக்காட்டில் மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கொடுத்த ஜப்பான்காரன் காலத்துப் பண நோட்டு, இப்படி அறை நிறைய இருக்கும். யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இது எந்தச் சண்டை, எந்தப் பட்டாளம், எந்த வருடம் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். அதை நான் மறுக்கவில்லை.

1998ஆம் வருடம் செட்டிகுளத்தில் புதிதாகக் கட்டிய பஸ் நிழற்குடைக்கு என் அண்ணன் பெயரை வைக்கலாம் என்று ஊர்க்காரர்கள் பேசினார்கள். விவரம் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபார்த்துக்கொள்வோம் என்று அமிர்தலிங்கத்தை அழைத்து வந்தார்கள். அவர் அண்ணி வீட்டுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்து, மெடலையும் தந்தியையும் கடிதத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு உறையில் போட்டு எடுத்துப் போனார். பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னார். துண்டுச் சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. மிலிட்டரிக்காரர் என்று அண்ணியும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மெடல் அந்தக் காலத்தில் சீருடை போட்ட எல்லோருக்கும் கொடுத்தது என்றும், அரியமுத்து சண்டையில் சாகவில்லை, முகாமில் காமாலை கண்டு இறந்தவர் என்றும் அதில் இருந்தது. நிழற்குடைக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு அண்ணி அரியலூருக்குப் போய் மெடலைக் கேட்டபோது, “நான்தான் அப்பவே குடுத்து அனுப்பிட்டேனேம்மா, எங்கயாச்சும் வச்சுட்டு மறந்திருப்பீங்க, வூட்டுல போயி நல்லாத் தேடிப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணி நான்கு முறை போனார். நான்காவது முறை வாசல் கேட்டைத் திறக்கவில்லை. அண்ணியிடம் மீதி இருந்தது பென்ஷன் புத்தகம் ஒன்றுதான். அதில் இறந்தவர் என்று இருக்கிறது, எப்படி இறந்தார் என்று இல்லை. ஊரில் சிலர் பொய் மெடல் என்று பேசினார்கள். அதைக் காதால் கேட்ட நாளிலிருந்து அண்ணி அந்த நிழற்குடையில் நின்று பஸ் ஏறுவதில்லை, அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்துபோய் ஏறுவார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் நான் பஸ்ஸில் போகும்போது சாலை ஓரமாக அவர் நடந்துபோவதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் இவனை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். எனக்கும் தோன்றியது. நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதில் வந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது பதில் அல்ல, அந்த ஆள்.

1999 கடைசியில் அமிர்தலிங்கமே கடைக்கு வந்தார். அவருடைய சாமான்களுக்குக் கீழே வைக்கப் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்ட ஆள் தேடிக்கொண்டு வந்திருந்தார். நான் ஒப்புக்கொண்டேன். நான் அரியமுத்துவின் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. பெயர் வெட்டுகிற ஆளுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு குடும்பம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை, இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட ஊரைக் கேட்கவில்லை. “ஏம்பா” என்று கூப்பிடுவார். நான் “சொல்லுங்கய்யா” என்று எழுந்து நிற்பேன்.

அதன் பிறகு அவருடைய தகடுகளை மட்டும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துச் செய்து கொடுத்தேன், அரியலூருக்கு நேரில் கொண்டுபோயும் கொடுத்தேன். அவருக்குப் பேச்சுக் கேட்க ஆள் வேண்டும். மெடலைப் பார்த்து அடையாளம் காண்பது எப்படி என்று அவர் வாயாலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முகப்பைப் பார்க்காதே, முதலில் விளிம்பைப் பார் என்பார். ராணுவம் அடித்த எழுத்து அச்சு வைத்து அடித்தது, எல்லா எழுத்தும் ஒரே ஆழம் இருக்கும், பின்னால் கையால் வெட்டிய எழுத்தில் ஓரத்தில் பிசிறு நிற்கும் என்பார். வெர்னியர் வைத்துக் குறுக்களவு எடுக்க வேண்டும், முப்பத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எவனோ அரம் போட்டுப் பழைய பெயரை அழித்திருக்கிறான் என்று அர்த்தம் என்பார். அரம் போட்டாலும் அடித்த எழுத்தின் அழுத்தம் உலோகத்துக்குள் இறங்கியிருக்கும், திராவகம் தொட்டால் மேலே தெரியும், திருட்டு லாரி எண்ணை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என்னை நல்ல சிஷ்யன் என்று வந்தவர்களிடம் சொல்வார்.

கடைக்காரர் அப்துல் சலாம் பாய் ஒரு நாள், “முருகையா, மனுஷன் நல்ல மாதிரிதான் தெரியுது, அவரு வந்தா மட்டும் ஏன் ஒன் மூஞ்சி கல்லு மாதிரி ஆயிடுது” என்று கேட்டார். கண் வலி என்று சொன்னேன்.

2001 நவம்பரில், தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம், அமிர்தலிங்கம் ஒரு மெடலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். இது தன்னுடைய சொந்த மெடல் என்றும், மிலிட்டரியில் பெயர் போடாமல் விட்டுவிட்டார்கள் என்றும், விளிம்பில் தன் எண்ணையும் பதவியையும் பெயரையும் ஆங்கிலத்தில் வெட்டித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இதை அரியலூரில் செய்தால் நாலு பேருக்குத் தெரியும். பாத்திரக் கடை வாசலில் உட்காருகிறவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறார். அவர் போனதும் நான் வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. ரிப்பன் மாட்டும் கொண்டிக்கு அடியில் அரம் நுழையாத இடத்தில் மூன்று இலக்கம் மட்டும் அழியாமல் நின்றது. அது தகரப் பெட்டி மூடியில் இருந்த முதல் மூன்று இலக்கம். கடையை விட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கடைவீதியில் தெரிந்த நகைப் பத்தர் ஒருவரிடம் திராவகம் கொஞ்சம் வாங்கி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, வீட்டில் வைத்து விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் மீதி எண்ணும், அதன் பிறகு அண்ணன் பெயரும் மங்கலாக மேலே வந்தன. நான் அதைப் பார்த்து அழுதேன். அதன் பிறகு தேய்த்து மெருகு போட்டு மறைத்துவிட்டேன்.

இதை அப்துல் சலாம் பாய் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர், “மொதல்ல அத அண்ணி கையில கொண்டுபோயி குடு. பொறவு அந்தாள என்ன செய்யணுமோ செய்யி. அமானிதம்டா அது, ஒடையவங்ககிட்ட சேக்க வேண்டிய பொருளு” என்றார். நான், “குடுத்துட்டா முடிஞ்சு போயிடும் பாய். எங்கயோ கெடந்துச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். அவன் இத நெஞ்சுல குத்திக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்கணும்” என்று சொன்னேன். மெடல் என் வீட்டில் நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அண்ணனின் எண் இருந்த இடத்தின் மேலேயே அமிர்தலிங்கத்தின் எண்ணையும் பெயரையும் என் கையால் வெட்டினேன். ஆழம் போகாமல் மேலாக வெட்டினேன். ராணுவ எழுத்தைப் போல வெட்ட எனக்குத் தெரியும், அப்படி வெட்டவில்லை. குடத்திலும் அண்டாவிலும் எப்படி வெட்டுவேனோ, ஆங்கில ஆர் எழுத்தின் காலைக் கீழே நீட்டிச் சுழித்து, அப்படியே வெட்டிக் கொடுத்தேன். இந்த வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாக இனிஷியலில் ஆர் உள்ள எல்லார் வீட்டுச் சாமானிலும் அந்தச் சுழி இருக்கிறது. அமிர்தலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பிரமாதம் என்றார். இவ்வளவு சொல்லிக் கொடுத்தவர் தன் பெயரைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை.

2002 குடியரசு தினத்தில் அந்த மெடலைக் குத்திக்கொண்டு அவர் ஒரு பள்ளியில் கொடியேற்றினார். எழுபத்தொன்றில் தான் சண்டை போட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னதாகத் தெரிந்தது. அப்போதே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். இன்னும் பெரிய கூட்டம் வரட்டும், இன்னும் உயரத்தில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். அண்ணியைப் பார்க்கப் போகும்போதெல்லாம், “அந்த ஆளு ஏதாச்சும் சொன்னாராய்யா தம்பி” என்று கேட்பார். “பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணி” என்று சொல்லுவேன். மெடலைக் கையில் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் நேராக அரியலூருக்குப் போய் நின்று காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று பயந்தேன். 2003 மார்ச் மாதம் 11ஆம் தேதி காய்ச்சலில் கிடந்து அண்ணி இறந்துபோனார். அதற்கு இரண்டு நாள் முன்பு போய்ப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி பாட்டில் அலமாரியில் அரிசியோடு இருந்தது. “சீக்கிரம் கெடைச்சுடும் அண்ணி” என்று சொன்னேன். “ம்” என்றார்.

சம்பவ தினமான நேற்று 17.08.2003 ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமிர்தலிங்கத்தின் சாமான்களைக் கண்காட்சி வைத்து, அவருக்குப் பாராட்டு விழாவும் நடத்தினார்கள். சுமார் முந்நூறு பேர் இருந்தார்கள். நான் பையில் வெர்னியர், பஞ்சு, சொட்டுமருந்து பாட்டிலில் திராவகம், என் கையால் பெயர் வெட்டிய ஒரு சொம்பு ஆகியவற்றை எடுத்துப் போயிருந்தேன். தகடு வெட்டிக் கொடுத்ததற்காக எனக்கும் துண்டு போடுவதாக மேடைக்கு அழைத்தார்கள். அமிர்தலிங்கமே துண்டு போட்டார். நான் மைக்கில், ஐயாவின் போர் மெடலை எல்லோரும் பக்கத்தில் பார்க்க வேண்டும், கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தானே கழற்றிக் கொடுத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துப் பறித்ததாகப் புகாரில் இருப்பது பொய்.

அதன் பிறகு வெர்னியர் வைத்து அளவைச் சொன்னேன். இந்த அளவு இருந்தால் என்ன அர்த்தம் என்று ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அமிர்தலிங்கம் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். நான் மேடையை விட்டு இறங்கி, மெடலையும் சொம்பையும் முன்வரிசைப் பெண்களிடம் கொடுத்து, இரண்டு ஆர் எழுத்தையும் பார்க்கச் சொன்னேன். துறைமங்கலத்தைச் சேர்ந்த மலர்கொடி என்ற டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, எங்க வூட்டு அண்டாவுல இருக்கிற எழுத்து மிலிட்டரி மெடல்ல இருக்கு” என்று சத்தமாகச் சொன்னார். பின்வரிசை வரைக்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் அத்தனை நாள் இருந்தேன். வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு மெடலை வாங்கி, மேடைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து, என் எழுத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, திராவகம் தொட்டுத் துடைத்தேன். பாதுகாப்புக்கு வந்திருந்த ஏட்டு ஐயா பக்கத்தில் வந்து நின்று, தெரியத் தெரிய எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துத் தன் நோட்டில் எழுதினார். அவர் நான்காவது இலக்கத்தைப் படித்ததுமே மீதி மூன்றையும் அண்ணன் பெயரையும் நான் பார்க்காமலே சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. அப்போது அமிர்தலிங்கம் ஓடிவந்து மெடலைப் பிடுங்கப் பார்த்தார். திறந்த பாட்டில் என் வலது கையில் இருந்தது. நான் ஊற்றவில்லை, வீசவில்லை. ஆனால் அவர் கை வருவதைப் பார்த்தேன், என் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது, இழுத்துக்கொள்ளவில்லை. திராவகம் அவருடைய வலது புறங்கையிலும் சட்டையிலும் கொட்டியது.

குழாயடியில் அவர் கையில் தண்ணீர் ஊற்றும்போது நானும் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், “நா பட்டாளத்துல சேர்றப்ப சண்ட முடிஞ்சு போச்சுய்யா. ஒரு நாளு கூட ஒண்ணும் நடக்கல” என்றார். நான், “அதுக்கு எங்கண்ணன காமாலயில சாவடிப்பியா” என்று கேட்டேன். எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, இப்போதும் இல்லை. அவர் இனி எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பரிமாறுகிற பாத்திரத்தைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள். அது போதும்.

அமிர்தலிங்கத்துக்குக் காயம் ஏற்படுத்தியதாக என் மேல் வழக்கு இருப்பதைப் படித்துக் காட்டினார்கள். அதை ஒத்துக்கொள்கிறேன், வக்கீல் வைக்கப்போவதில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். 2001 நவம்பரில் மெடல் என் வீட்டில் இருந்த அந்த நான்கு நாளில் ஏதாவது ஒரு நாள் காலையில் கிளம்பியிருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன் அது அண்ணி கையில் இருந்திருக்கும். அதன் பிறகு அவர் பதினாறு மாதம் உயிரோடு இருந்தார். முதலில் அதை அவரிடமிருந்து எடுத்துப் போனது அமிர்தலிங்கம். இரண்டாவது முறை அவனிடமே திருப்பிக் கொடுத்தது நான். அதற்கு என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியவர் இல்லை. ஆகையால் அதையும் இதில் எழுதும்படி கேட்டேன். இந்த வழக்குக்கு அது சம்பந்தம் இல்லை என்று ஏட்டு ஐயா சொன்னார். எழுதுங்கள் என்று மறுபடியும் கேட்டதால் எழுதினார்.

மேற்கண்ட யாவும் நான் சொன்னபடி எழுதி, எனக்குப் படித்துக் காட்டக் கேட்டு, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. முருகையன்